ஹூவா, ஹூமா? தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கான முழு வழிகாட்டி

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் எழுதும் ஆபீஸ் மெயில்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பதைப் பல காலமாகச் செய்துவருகிறேன். சேலத்தில் படித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, அல்சூரிலேயே பிறந்து வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவராக இருந்தாலும் சரி, "ஹூ" எழுதுவதா "ஹூம்" எழுதுவதா என்ற இடத்தில் விரல் நின்றுவிடுகிறது. கேட்டால் எல்லோரும் ஒரே சூத்திரத்தைச் சொல்கிறார்கள்: யார் என்றால் ஹூ, யாரை அல்லது யாருக்கு என்றால் ஹூம்.

இந்தச் சூத்திரம் பாதி தூரம்தான் கூட வரும். மீதித் தூரத்தில் அது தப்பான விடையைத் தயங்காமல் சொல்லும், அதனால்தான் எழுதியவருக்குச் சந்தேகமே வராமல் மெயில் போய்விடுகிறது. கீழே சொல்லும் வரிசையில் போனால் அந்த இடங்களிலும் சரியாக வரும். வரிசையை மாற்ற வேண்டாம், ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் மட்டும் ஓட்டாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1. தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்

இரண்டே விஷயம். முதலாவது, ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் எது, அந்த வினையைச் செய்கிற எழுவாய் எது, வினை யார் மேல் போய் விழுகிறதோ அந்தச் செயப்படுபொருள் எது என்று அடையாளம் காட்டத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணத்தில் படித்ததுதான், புதிதாக ஒன்றுமில்லை.

இரண்டாவது, "ஹீ", "ஹிம்" என்ற ஜோடி. "ஹீ கால்டு" என்போம், "ஹிம் கால்டு" என்று யாரும் சொல்வதில்லை. "வீ கால்டு ஹிம்" என்போம், "வீ கால்டு ஹீ" என்று வாயில் வராது. இந்தக் காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஹீ எந்த இடத்தில் உட்காருமோ அங்கே ஹூ, ஹிம் எந்த இடத்தில் உட்காருமோ அங்கே ஹூம். ஹிம், தெம், ஹூம் மூன்றும் "ம்" என்று முடிவதைக் கவனித்தீர்கள் என்றால் ஞாபகத்தில் நிற்கும். பேச்சு ஒரு பெண்ணைப் பற்றியதாக இருந்தாலும் சோதிக்கும்போது மட்டும் ஹீ, ஹிம் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் "ஹர்" என்பதில் அந்த "ம்" இல்லை, அதை வைத்துச் சோதிக்கும்போது சிலருக்குக் குழப்பம் வருகிறது.

2. முதலில் வினைச்சொற்களை எண்ணுங்கள்

ஹூவைப் பார்த்ததும் அதையே முறைத்துக்கொண்டிருப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. விடை அந்தச் சொல்லில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. அதனால் முதலில் வினைகளைத் தேடுங்கள்.

காரணம் இது. ஆங்கிலத்தில், கட்டளை வாக்கியத்தைத் தவிர, காலம் காட்டுகிற ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் வெளிப்படையாக வேண்டும். தமிழில் "வந்தேன்" என்றால் போதும், விகுதியே "நான்" என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. ஆகவே வாக்கியத்தில் ஏதாவது ஒரு வினை எழுவாய் இல்லாமல் நின்றால், அந்த எழுவாய் நாற்காலியில் உட்கார வேண்டியது ஹூதான். எல்லா வினைக்கும் எழுவாய் கிடைத்துவிட்டதா, அப்போது நம் ஆளுக்கு மிச்சமிருக்கும் இடம் பெரும்பாலும் ஹூம்.

"ஹூ கால்டு யூ?" உங்களை அழைத்தது யார் என்ற கேள்வி. வினை "கால்டு". அதற்கு எழுவாயாக வேறு ஆள் இல்லை. ஹூ சரி.

"ஹூம் டிட் யூ கால்?" நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்ற கேள்வி. வினை "டிட் கால்". அழைத்தது "யூ". நாற்காலி நிரம்பிவிட்டது. ஹூம்.

இங்கே ஒரு சிறிய அடையாளம் உதவும். கேள்வியில் "டூ", "டஸ்", "டிட்" வந்து அதன் பின்னால் ஓர் ஆள் வந்தால் அந்த ஆள்தான் எழுவாய், எனவே முன்னால் இருப்பது ஹூம். எழுவாயே ஹூவாக இருந்தால் சாதாரணக் கேள்வியில் "டிட்" தேவைப்படாது. "ஹூ டிட் கால் யூ?" என்று எழுதுகிறார்கள், அது "ஹூ கால்டு யூ?" என்றுதான் இருக்க வேண்டும். "ஹூ டிட் திஸ்?" என்பதில் "டிட்" முழு வினை, இதைச் செய்தது யார் என்று அர்த்தம், அதனால் ஹூ. "ஹூ டிடின்ட் கம்?" யார் வரவில்லை, அதிலும் வராதவர்தான் எழுவாய், ஹூதான்.

"ஹூ இஸ் யுவர் மேனேஜர்?" மாதிரிக் கேள்விகளில் எப்போதும் ஹூ. "இஸ்" என்ற வினை யார் மேலும் போய் விழுவதில்லை, இவர்தான் அவர் என்று இணைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் "இஸ்" கண்ணில் பட்டதுமே முடிவு கட்டிவிடாதீர்கள். "ஹூம் இஸ் ஷீ காலிங்?" என்பதில் முழு வினை "இஸ் காலிங்", அழைப்பவர் "ஷீ", எனவே ஹூம்.

3. அப்புறம் ஹிம் வைத்துச் சரிபாருங்கள்

வினையை எண்ணி ஒரு முடிவுக்கு வந்தபின் அதை ஹீ, ஹிம் வைத்து உறுதி செய்யுங்கள். கேள்வியாக இருந்தால் அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். "யாரை அழைத்தீர்கள்?" என்பதற்குப் பதில் "வீ கால்டு ஹிம்". ஹிம் வந்துவிட்டது, ஹூம் சரி.

இதை வினையை எண்ணியபின் வைப்பதற்குக் காரணம் உண்டு. நேராக ஹிம் சோதனைக்குப் போகிறவர்கள் நீண்ட வாக்கியத்தில் ஹிம்மை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் ஏதோ ஓர் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். எந்த வினை எழுவாய் இல்லாமல் நிற்கிறது என்று தெரிந்தபின் அந்தக் குழப்பம் இல்லை.

4. யாருக்கு என்ற பெரிய பள்ளம்

நம்மவர்களைத் தனியாகப் பிடித்து இழுக்கிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

"யாருக்குத் தெரியும்?" இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் "ஹூம்" என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "கு" உருபு இருக்கிறது, நான்காம் வேற்றுமை, எனவே ஹூம் என்பது அவர்கள் கணக்கு. சரியான விடை "ஹூ நோஸ்?". வினை "நோஸ்", அதற்கு எழுவாய் வேண்டும், ஹூவைத் தவிர அங்கே ஆளில்லை.

தமிழில் தெரிவது, பிடிப்பது, பசிப்பது, புரிவது, வலிப்பது, கிடைப்பது எல்லாம் ஒருவருக்கு வந்து சேர்கிற விஷயம். எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, எனக்குக் கிடைத்தது. அந்த ஆளைத் தமிழ் "கு" போட்டு ஓரமாக உட்கார வைக்கிறது. ஆங்கிலம் இந்த இடங்களில் அதே ஆளைத் தூக்கி எழுவாய் நாற்காலியில் உட்கார வைக்கிறது: அவர் அறிகிறார், விரும்புகிறார், பெற்றார் என்கிற தினுசில். ஆகவே,

யாருக்கு லீவு வேண்டும்? "ஹூ நீட்ஸ் லீவ்?"
யாருக்குப் புரியவில்லை? "ஹூ டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட்?"
யாருக்கு அந்த வேலை கிடைத்தது? "ஹூ காட் தி ஜாப்?"
யாருக்குக் காய்ச்சல்? "ஹூ ஹாஸ் ஃபீவர்?"
யாரிடம் சாவி இருக்கிறது? "ஹூ ஹாஸ் தி கீ?"
யாரால் நாளைக்கு வர முடியும்? "ஹூ கேன் கம் டுமாரோ?"

கடைசி இரண்டையும் பாருங்கள். "இடம்", "ஆல்" என்று உருபு மாறினாலும் பள்ளம் அதேதான்.

பெங்களூரில் இதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுத் திருத்திக்கொள்வதும் கஷ்டம். கன்னடத்தில் "யாரிகே கொத்து", தெலுங்கில் "எவரிக்கி தெலுசு", மலையாளத்தில் "ஆர்க்கறியாம்", இந்தியில் "கிஸ்கோ பதா". எல்லாமே "யாருக்கு" என்ற அமைப்புதான். ஒயிட்ஃபீல்டில் ஒரே டீமில் ஐந்து தாய்மொழிக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தாலும், மொழிபெயர்த்து யோசித்தால் ஐந்து பேருக்கும் ஒரே தப்பு வரும். அதனால் இங்கே தாய்மொழி உருபை நம்பவே வேண்டாம். வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில் மனசுக்குள் அமையுங்கள், பிறகு வினையை எண்ணுங்கள்.

உண்மையிலேயே ஒரு பொருள் ஒருவரிடம் போய்ச் சேரும் "யாருக்கு" வேறு. யாருக்கு அனுப்பினீர்கள்? "டு ஹூம் டிட் யூ செண்ட் இட்?" அனுப்பியவர் "யூ", எழுவாய் நாற்காலி நிரம்பியிருக்கிறது, ஹூம் சரி. இரண்டு "யாருக்கு"வையும் பிரித்துக் காட்டுவது உருபு இல்லை, வினைதான்.

எதிர்த் திசையிலும் பள்ளம் இருக்கிறது. "உங்களுக்கு யார் வேண்டும்?" என்பதில் உருபே இல்லை, வெறும் யார். ஆனால் ஆங்கிலத்தில் "ஹூம் டூ யூ வான்ட்?", விரும்புவது "யூ". "யார் கூடப் போனீர்கள்?" என்பதிலும் யார் வெறுமனே நிற்கிறது, விடையோ "வித் ஹூம் டிட் யூ கோ?".

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. "யாரை டீம் லீடாகப் போட்டிருக்கிறார்கள்?" என்று தமிழில் நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாக மாற்றி எழுதுகிறார்கள்: "ஹூம் ஹாஸ் பீன் மேட் டீம் லீட்?". தப்பு. மாற்றியபோது வினை "ஹாஸ் பீன் மேட்" ஆகிவிட்டது, போட்டவர்கள் வாக்கியத்தை விட்டே போய்விட்டார்கள், எழுவாய் நாற்காலி காலி. எனவே "ஹூ ஹாஸ் பீன் மேட் டீம் லீட்?". அதையே போட்டவர்களையும் சேர்த்து எழுதினால் "ஹூம் ஹாவ் தே மேட் டீம் லீட்?". தமிழில் நாம் செயப்பாட்டு வினையை அதிகம் புழங்குவதில்லை, ஆபீஸ் ஆங்கிலத்திலோ அது எங்கும் இருக்கிறது. நேர்காணல் முடிவு, புராஜெக்ட் மாற்றம், பதவி உயர்வு என்று வரும் மெயில்களில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

5. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் கேள்விகள். மெயிலில் அதிகம் வருவது இந்த வகை.

"தி மேனேஜர் ஹூ கால்டு அஸ்", எங்களை அழைத்த மேனேஜர்.
"தி மேனேஜர் ஹூம் வீ கால்டு", நாங்கள் அழைத்த மேனேஜர்.

தமிழில் இரண்டுக்குமே "அழைத்த" என்ற பெயரெச்சம் போதும். யார் என்ற சொல்லே வருவதில்லை, அதனால் யார், யாரை என்று சோதிக்க வழியே இல்லை. செய்ய வேண்டியது இது: ஹூவில் தொடங்கும் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதைத் தனி வாக்கியமாக்கி, ஹீ அல்லது ஹிம் போடுங்கள். முதல் துண்டு "ஹீ கால்டு அஸ்". இரண்டாவது "வீ கால்டு ஹிம்". விடை கைக்கு வந்துவிட்டது.

வெட்டும்போது வெளியே இருப்பதை மறந்துவிட வேண்டும், இது முக்கியம். "வீ மெட் தி மேனேஜர் ஹூ ஜாயின்ட் யெஸ்டர்டே." இந்த வாக்கியத்தில் நாம் மேனேஜரைச் சந்தித்தோம், மேனேஜர் செயப்படுபொருள், ஆகவே ஹூம் என்று எழுதிவிடுகிறார்கள். மேனேஜர் வெளி வாக்கியத்தில் என்னவாக இருக்கிறார் என்பது கேள்வியே இல்லை. உள்ளே "ஜாயின்ட்" என்ற வினைக்கு எழுவாய் யார் என்பதுதான் கேள்வி. ஹூ.

ஒரு சலுகையும் உண்டு. நாங்கள் அழைத்த மேனேஜர் என்பதை "தி மேனேஜர் வீ கால்டு" என்று ஹூம் இல்லாமலே எழுதலாம். இயல்பாகவும் இருக்கும். ஆனால் முன்னால் காற்புள்ளி போட்டுக் கூடுதல் தகவலாகச் சொல்லும்போது விட முடியாது: "மை மேனேஜர், ஹூம் வீ மெட் யெஸ்டர்டே, ஹாஸ் அக்ரீட்." அங்கே ஹூம் வேண்டும். எழுவாயாக நிற்கும் ஹூவையும் விடக்கூடாது. "தி மேனேஜர் கால்டு அஸ் இஸ் ஹியர்" என்றால் படிப்பவர் இரண்டு வினையைப் பார்த்துத் தடுமாறுவார்.

6. நடுவில் "வீ திங்க்" புகுந்தால்

ஆங்கிலம் நன்றாகவே எழுதுபவர்களும் சறுக்கும் இடம். "பொருத்தமானவர் என்று நாங்கள் நினைக்கும் ஆள்" என்பதை எழுத வேண்டும். "தி கேண்டிடேட் ஹூம் வீ திங்க் இஸ் சூட்டபிள்" என்று எழுதுகிறார்கள், ஏனென்றால் "நாங்கள் நினைக்கும் ஆள்" என்று கேட்கும்போது அவரை நினைக்கிறோம் போலத் தோன்றுகிறது.

வினையை எண்ணுங்கள். "திங்க்", அதன் எழுவாய் "வீ". அடுத்து "இஸ்", அதற்கு எழுவாய் எங்கே? இல்லை. ஆகவே "தி கேண்டிடேட் ஹூ வீ திங்க் இஸ் சூட்டபிள்". நாம் நினைப்பது அவரை அல்ல, "ஹீ இஸ் சூட்டபிள்" என்ற செய்தியை. "வீ திங்க்", "வீ பிலீவ்", "தே சே", "யூ நோ" மாதிரி நடுவில் நுழைபவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் விடை தெரியும்: "ஹூ இஸ் சூட்டபிள்".

மறைக்கும் வழியை மட்டும் நம்பினால் ஓரிடத்தில் மாட்டுவீர்கள். "தி கேண்டிடேட் ஹூம் வீ பிலீவ் டு பி சூட்டபிள்." இங்கே ஹூம்தான் சரி. "டு பி" காலம் காட்டும் வினை இல்லை, அதற்குத் தனி எழுவாய் நாற்காலி கிடையாது, "வீ பிலீவ் ஹிம் டு பி சூட்டபிள்" என்றுதான் விரியும். நாங்கள் வரச்சொன்ன ஆள் என்பதும் இப்படியே: "தி பர்சன் ஹூம் வீ ஆஸ்க்ட் டு கம்". எண்ணும்போது "டு" போட்டு வரும் வினைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

7. "டு", "வித்", "ஆஃப்" முன்னால் வந்தால்

இந்தச் சொற்களுக்கு நேர் பின்னால் ஓர் ஆளைத் தனியாக வைத்தால் ஹூம் கட்டாயம். "டு ஹூம்", "வித் ஹூம்", "ஃப்ரம் ஹூம்". பேச்சு வழக்குக்கும் இங்கே விலக்கு இல்லை, "டு ஹூ டிட் யூ ஸ்பீக்?" என்பது காதில் கல் மாதிரி விழும். ஆனால் "டு"வைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் பேச்சில் ஹூ தாராளமாக வரலாம்: "ஹூ டிட் யூ ஸ்பீக் டு?". இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். "டு ஹூம் டிட் யூ ஸ்பீக் டு?" என்று இரண்டு பக்கமும் "டு" போட்டு வரும் மெயில்கள் நிறைய, முன்னால் எழுதியதைக் கடைசிக்கு வருவதற்குள் மறந்துவிடுவதால் வருகிறது.

எண்ணிக்கையோடு வரும்போது கவனம் இன்னும் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தார்கள், அவர்களில் நாலு பேர் சேலம். "டென் பீப்பிள் ஜாயின்ட், ஃபோர் ஆஃப் ஹூம் ஆர் ஃப்ரம் சேலம்." இங்கே பலரும் "ஃபோர் ஆஃப் தெம்" என்று எழுதுகிறார்கள். தமிழில் காற்புள்ளி போட்டு "அவர்களில் நாலு பேர்" என்று தொடர்வது சகஜம், ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் போட்டு ஒட்டக்கூடாது. முற்றுப்புள்ளி வைத்தால் "தெம்", காற்புள்ளியோடு தொடர்ந்தால் "ஹூம்". ஆட்களுக்குப் பதில் லேப்டாப்பாக இருந்தால் "ஃபோர் ஆஃப் விச்".

இனி இந்தப் படியின் உண்மையான பொறி. "இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட்." யார் முதலில் வருகிறார் என்பதைப் பொறுத்தது. "ஆன்" இருக்கிறதே, ஹூம் போட வேண்டாமா? வேண்டாம். "கம்ஸ்" என்ற வினைக்கு எழுவாய் தேவை. "ஆன்" பிடித்துக்கொண்டிருப்பது ஓர் ஆளை அல்ல, "ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட்" என்ற முழுத் துண்டையும். அதனால்தான் வினையை எண்ணுவதை முதலில் வைத்தேன். "டு", "ஆன்" என்று பார்த்ததும் ஹூம் எழுதுகிற பழக்கம் வந்துவிட்டால் இந்த வகை வாக்கியங்கள் ஒவ்வொன்றிலும் தப்பு வரும்.

8. ஹூஎவர், ஹூமெவர்

புதிதாக விதி எதுவும் இல்லை, ஏழாவது படியில் சொன்னதேதான். பிஜி விடுதி ஓனருக்கு எழுதுகிறீர்கள்: முதலில் வருபவரிடம் சாவியைக் கொடுங்கள். "கிவ் தி கீ டு ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்." வினை "கம்ஸ்", எழுவாய் காலி, ஹூஎவர். நீங்கள் நம்புகிறவரிடம் கொடுங்கள் என்றால் "கிவ் தி கீ டு ஹூமெவர் யூ டிரஸ்ட்", நம்புவது "யூ". இரண்டிலும் முன்னால் அதே "டு"தான் இருக்கிறது, அதற்கும் விடைக்கும் சம்பந்தமில்லை.

9. எங்கே ஹூம் எழுதாமல் விடலாம்

வாட்ஸ்அப்பில், ஆபீஸ் சாட்டில், நேர்ப்பேச்சில் "ஹூ டிட் யூ கால்?" என்றே கேளுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறார்கள், ஹூம் போட்டால் அங்கே விறைப்பாக இருக்கும். கிளையன்டுக்குப் போகும் முறையான மெயில், விண்ணப்பம், அறிக்கை, புகார்க் கடிதம் இவற்றில் ஹூம் எழுதுங்கள்.

எவ்வளவு யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை, மெயில் உடனே போக வேண்டும் என்றால் ஹூ எழுதிவிடுங்கள். ஹூம் வர வேண்டிய இடத்தில் ஹூ இருந்தால் படிப்பவர் பேச்சு வழக்கு என்று கடந்துபோவார். ஹூ வர வேண்டிய இடத்தில் ஹூம் இருந்தால் அது பளிச்சென்று தெரியும் பிழை. "டு", "வித்" நேர் பின்னால் வரும் இடம் மட்டும் இதற்கு விலக்கு. அதைவிட நல்ல வழி வாக்கியத்தையே மாற்றுவது. "தி பர்சன் ஹூம் யூ ஷுட் கான்டாக்ட் இஸ்" என்று இழுப்பதைவிட "ப்ளீஸ் கான்டாக்ட்" என்று தொடங்கிப் பெயரைப் போட்டால் படிப்பவருக்கும் சுலபம்.

இங்கே வாடகை வீடு, பேங்க் கணக்கு, கேஸ் இணைப்பு என்று ஏதாவது ஒன்றுக்கு ஆபீஸிலிருந்து முகவரிக் கடிதம் கேட்பார்கள், அதன் தலைப்பில் "டு ஹூம் இட் மே கன்சர்ன்" இருக்கும். நம் நாட்டில் "டு ஹூம்சோஎவர்" என்றும் போடுகிறார்கள், அதிலும் தப்பில்லை. "இட்" எழுவாய், "மே கன்சர்ன்" வினை, அது யாரைச் சாருமோ அவருக்கு என்று பொருள், எனவே ஹூம். இதை "டு ஹூ இட் மே" என்றோ "டு ஹூசோஎவர்" என்றோ மாற்றாதீர்கள். பெறுபவர் யாரென்று தெரியாத கடிதத்துக்கு மட்டும்தான் இந்தத் தலைப்பு. ஹெச்.ஆர். ஆளின் பெயர் தெரிந்தும் மெயிலை இப்படித் தொடங்குவது ஒட்டாமல் நிற்கும், பெயரைப் போட்டே எழுதுங்கள்.

"ஹூஸ்" பற்றி ஒரு வரி. யாருடைய என்ற பொருளில் வருவது ஒரே சொல், நடுவில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது. மேற்குறி போட்டால் அது "ஹூ இஸ்" அல்லது "ஹூ ஹாஸ்" என்பதன் சுருக்கம். உச்சரிப்பு ஒன்றாக இருப்பதால் எழுதும்போது விரித்துப் படித்துப் பாருங்கள், விரித்தால் பொருள் வருகிறதா என்று.

10. கையால் செய்து பார்க்க

தமிழ் வாக்கியத்தைப் படித்ததும் நிறுத்தி, ஆங்கிலத்தில் நீங்களே எழுதிவிட்டுப் பிறகு விடையைப் பாருங்கள். விடையோடு காரணத்தையும் ஒப்பிடுங்கள், விடை சரியாக வந்து காரணம் தவறாக இருந்தால் அடுத்த வாக்கியத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

யாருக்குக் கன்னடம் தெரியும்? "ஹூ நோஸ் கன்னடா?" "கு" உருபு ஏமாற்றும், அறிபவர்தான் எழுவாய்.

யாரை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்? "ஹூ ஹாஸ் பீன் கால்டு?" அல்லது "ஹூம் ஹாவ் தே கால்டு?" இரண்டும் சரி. கூப்பிட்டவர்கள் வாக்கியத்தில் இருக்கிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும்.

நாங்கள் நேற்றுப் பேசிய ஓனர் வந்திருக்கிறார். "தி ஓனர் டு ஹூம் வீ ஸ்போக் யெஸ்டர்டே இஸ் ஹியர்." பேச்சில் "தி ஓனர் வீ ஸ்போக் டு யெஸ்டர்டே" போதும்.

வருவார் என்று நாங்கள் நினைத்தவர் வரவில்லை. "தி பர்சன் ஹூ வீ தாட் வுட் கம் டிடின்ட் கம்." "வுட் கம்" என்பதற்கு எழுவாய் வேண்டும். இதில் ஹூம் எழுதியிருந்தால் ஆறாவது படியைத் திரும்பப் படியுங்கள்.

யார் வாடகை கட்டுவது என்பதைப் பற்றிப் பேச வேண்டும். "வீ நீட் டு டாக் அபௌட் ஹூ வில் பே தி ரெண்ட்." "அபௌட்" பிடித்திருப்பது முழுத் துண்டை, கட்டுபவர் எழுவாய்.

கேட்பவருக்கெல்லாம் படிவத்தைக் கொடுங்கள். "கிவ் தி ஃபார்ம் டு ஹூஎவர் ஆஸ்க்ஸ் ஃபார் இட்." வினை "ஆஸ்க்ஸ்", கேட்பவரே எழுவாய், முன்னால் நிற்கும் "டு"வைப் பார்த்து ஹூமெவர் ஆக்க வேண்டாம்.